சாலொமோன் ஆலயத்தை எபிரெய மூலத்திலிருந்து வரைய முடியுமா?

கேள்வி: ஜனவரி 9

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சாலொமோன் ஆலயத்தின் அட்டை மாதிரி ஒன்று செய்யப் போகிறோம். 1 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து அளவெடுக்க உட்கார்ந்தோம். நான்காம் வசனத்திலேயே நின்றுவிட்டோம். நம் பழைய வேதாகமத்தில் "பார்வைக்குக் குறுகிப்போகிற ஜன்னல்கள்" என்று இருக்கிறது. ஆங்கிலப் பதிப்புகளில் ஒன்று சட்டம் வைத்த ஜன்னல் என்கிறது, இன்னொன்று மூடிய ஜன்னல் என்கிறது. எபிரெயத்தில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எங்கள் ஐயர் சொல்கிறார். அப்படித்தானா?

பதில்: ஜனவரி 9, இரவு

எல்லாம் தெரியாது அம்மா. அந்த வசனத்தில் ஜன்னலைச் சொல்லுகிற சொற்கள் மூன்றுதான்: ஹல்லோனே ஷெகுஃபீம் அதுமீம். முதல் சொல் ஜன்னல். அதில் சிக்கல் இல்லை. மூன்றாவது சொல்லுக்கு அடைபட்டது, மூடியது என்று பொருள். ஏழையின் கூக்குரலுக்குச் செவியை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றி நீதிமொழிகள் 21:13 சொல்கிறதே, அங்கே இருப்பதும் இதே வேர்தான். எசேக்கியேல் 40:16-இல் வாசல் கட்டடங்களின் ஜன்னல்களுக்கும் இதே சொல் வருகிறது.

நடுவில் இருக்கும் ஷெகுஃபீம்தான் இத்தனை பதிப்புகளையும் பிரிக்கிறது. அதன் வேருக்கு எட்டிப் பார்ப்பது, மேலிருந்து நோக்குவது என்று பொருள். நியாயாதிபதிகள் 5:28-இல் சிசெராவின் தாய் ஜன்னல் வழியாய்ப் பார்க்கிற இடத்தில் வரும் வினை அது. ஆனால் யாத்திராகமம் 12:7-இல் இரத்தம் பூசச் சொல்லும் "நிலையின் மேற்சட்டம்" இருக்கிறதே, அதற்கு எபிரெயத்தில் மஷ்கோஃப். அதுவும் இதே மூன்று மெய்யெழுத்துகளில் பிறந்த சொல். ஆகவே ஒருவர் பார்வையைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தல்மூதின் மெனாகோத் பகுதியில் அவர்கள் மூன்றாவது வழி போகிறார்கள்: ஆலய ஜன்னல் உள்ளே குறுகி வெளியே அகன்றிருந்தது, ஏனென்றால் கடவுளுக்கு வெளிச்சம் தேவையில்லை. நம் வேதாகமத்தின் "குறுகிப்போகிற" என்ற சொல் அந்தப் பழைய மரபுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஜன்னலுக்கு இப்போதைக்குப் பென்சிலில் ஒரு கட்டம் மட்டும் போட்டு வையுங்கள்.

ஜனவரி 10

கட்டட வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தக் கண்ணோடு இந்த அதிகாரத்தைப் படித்தால் முதலில் தட்டுப்படுவது அதில் இல்லாதவைதான். நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. இவை உள்ளளவா வெளியளவா என்று எங்கும் எழுதவில்லை. சுவரின் கனம் இல்லை. அஸ்திவாரத்தின் ஆழம் இல்லை. கூரை தட்டையா சரிவா என்ற பேச்சே இல்லை. எத்தனை ஜன்னல், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்பதும் இல்லை.

ஆனால் கேதுருப் பலகையில் செதுக்கிய மொக்கும் விரிந்த பூவும் இருக்கின்றன. கேருபீன்களின் செட்டை ஒவ்வொன்றும் ஐந்து முழம் என்று தனித்தனியாக இருக்கிறது. எழுதியவர் கொத்தனாருக்கு உத்தரவு கொடுக்கவில்லை. கட்டி முடித்த வீட்டுக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போய், இதைப் பார், இது பொன், இது ஒலிவமரம் என்று காட்டுகிறார். எபிரெயச் சொற்களை எடைபோடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுவர்க் கனம் வேண்டுமென்றால் எசேக்கியேல் 41:5-க்குப் போகலாம். அங்கே ஆறு முழம். ஆனால் அது தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட ஆலயம். அந்த ஆறு முழத்தை எடுத்து இங்கே ஒட்டினால் உங்கள் மாதிரி சாலொமோனுடையதும் ஆகாது, எசேக்கியேலுடையதும் ஆகாது. கடையில் விற்கும் பல வண்ணப் படங்கள் இந்த ஒட்டுவேலையில் வந்தவை. எனக்கு அவற்றைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். எது மூலத்தில் இருக்கிறது, எது ஓவியர் சேர்த்தது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

ஜனவரி 12

பக்க அறைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் அது.

எபிரெயச் சொல் ட்ஸேலா, பன்மையில் ட்ஸெலாஓத். ஆதியாகமம் 2-இல் ஆதாமிடமிருந்து எடுத்த விலா எலும்பு இதே சொல். உடன்படிக்கைப் பெட்டியின் பக்கம், 2 சாமுவேல் 16:13-இல் சீமேயி தூஷித்துக்கொண்டே நடந்துபோன மலைச்சரிவு, இவையும் இதே சொல். இந்த ஒரு அதிகாரத்துக்குள்ளேயே அது மூன்று வேலை செய்கிறது: ஐந்தாம் வசனத்தில் பக்க அறை, பதினைந்தாம் வசனத்தில் சுவருக்கு அடித்த கேதுருப் பலகை, முப்பத்து நாலாம் வசனத்தில் கதவின் மடிப்பு. அடுத்த அதிகாரத்தில் 45 தூண்களின்மேல் ஏதோ ஒன்று நிற்கிறது, வரிசைக்குப் பதினைந்தாக, அதுவும் ட்ஸெலாஓத். அது உத்தரமா அறையா என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை.

இனி ஆறாம் வசனம். பக்க அறைகள் மூன்று தட்டாக, அதாவது மூன்று மாடியாக இருக்கின்றன. கீழ்த்தட்டின் அகலம் ஐந்து முழம், நடுத்தட்டு ஆறு, மேல்தட்டு ஏழு. மேலே போகப் போக அறை அகலமாகிறது! முதலில் படிக்கும் யாருக்கும் இது தலைகீழாகத்தான் தோன்றும். விடை அதே வசனத்தில் இருக்கிறது: ஆலயத்துக்கு வெளிப்புறம் சுற்றிலும் மிக்ராஓத் வைத்தான், உத்தரங்கள் ஆலயச் சுவரைப் பற்றிக்கொள்ளாதபடிக்கு. மிக்ராஓத் என்றால் குறைப்புகள். சுவரின் கனம் குறைகிற இடங்கள்.

சதுரக்கட்டத் தாளில் இதை வெட்டுத்தோற்றமாக வரைந்து பார்த்தேன். ஆலயச் சுவர் வெளிப்பக்கத்தில் தட்டுக்கு ஒரு முழம் உள்வாங்குகிறது. அப்படி உள்வாங்கும் இடத்தில் ஒரு மேடை கிடைக்கிறது. உத்தரத்தின் முனை அந்த மேடையில் உட்காருகிறது. சுவரில் ஒரு துளையும் போட வேண்டியதில்லை. சுவர் குறைந்த அந்த ஒரு முழம் மேல் அறைக்குச் சேருகிறது. ஐந்து ஆறாகிறது, ஆறு ஏழாகிறது. கணக்கு கச்சிதமாக உட்காருகிறது. நம் ஊர்ப் பழைய மாடி வீடுகளில் கீழ்ச்சுவர் கனமாகவும் மேல்சுவர் மெலிந்தும் இருக்கும். அந்த விளிம்பில் உத்தரம் ஏறி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

அதாவது, ஒளிபுகாத சொற்களுக்கு நடுவில் வேலை தெரிந்தவர் கண்டுகொள்ளக்கூடிய ஒரு கட்டுமான உண்மை அப்படியே பிழைத்திருக்கிறது. சுவர்க் கனம் சொல்லப்படவில்லை என்று முன்பு எழுதினேன். அதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு கனமாக இருந்தாலும், அடிச்சுவர் மூன்றாம் தட்டுச் சுவரைவிட இரண்டு முழம் கூடுதல். இதைத் துணிந்து வரையலாம்.

சிரியாவின் வடமேற்கில் அயின் தாரா என்ற இடத்தில் ஓர் இரும்புக்காலக் கோவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. முன்மண்டபம், அதன்பின் கூடம், மூன்று பக்கமும் சுற்றிவரும் ஒரு நடை. பக்க அறைகள் ஏதோ கற்பனை அல்ல, அந்த வட்டாரத்தில் கட்டத் தெரிந்த அமைப்புதான் என்று காட்ட அதைவிட நெருங்கிய சான்று நமக்கு இல்லை. 2018 ஜனவரியில் விமானக் குண்டுவீச்சில் அதில் பெரும்பகுதி நொறுங்கிவிட்டது. செய்தியைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

"அப்படியானால் ஏவாள் விலா எலும்பிலிருந்து வந்தவள் இல்லை, ஆதாமின் பக்கத்திலிருந்து வந்தவளா?" என்று ஒருவர் கேட்கிறார். இரண்டும் சொல்லுக்குள் இருக்கிறது. எனக்கு அதைவிடச் சுவையானது அங்குள்ள வினை. நம் வேதாகமத்தில் "மனுஷியாக உருவாக்கி" என்றிருக்கும் இடத்தில் எபிரெயத்தில் "கட்டினார்" என்றே இருக்கிறது. சாலொமோன் ஆலயத்தைக் கட்டினான் என்பதற்கு வரும் அதே வினை. இந்த விவாதம் கட்டடத்தைப் பற்றியது, இதோடு விடுகிறேன்.

ஜனவரி 15

படிக்கட்டு. எட்டாம் வசனத்தில் "சுழற்படிகள்" என்று இருக்கிறது. எபிரெயத்தில் லூலீம். வேதாகமம் முழுவதிலும் இந்தச் சொல் கட்டடப் பொருளில் இங்கே ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஒப்பிட இன்னொரு வசனம் கிடையாது.

சுழற்படி என்ற பொருள் நம்மவர்கள் புனைந்ததல்ல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே முறுக்கி ஏறும் வழி என்றுதான் இருக்கிறது. ஆனால் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் மித்தோத் பகுதி நான்காம் அதிகாரத்தில் லூலீன் என்ற சொல் வேறு பொருளில் வருகிறது: மேல்மாடித் தளத்தில், மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு நேர் மேலே விட்டிருந்த திறப்புகள். பழுதுபார்க்கும் வேலைக்காரர்களைப் பெட்டிக்குள் வைத்து அந்தத் திறப்பு வழியாக இறக்குவார்களாம், அவர்கள் கண் பரிசுத்த ஸ்தலத்தை மேயாமல் இருக்க. அது இரண்டாம் ஆலயம். பல நூற்றாண்டு பிந்தியது. ஆனாலும் வேலைக்காரர்களின் பேச்சில் லூல் என்றால் தளத்தில் விட்ட ஓட்டை என்று தெரிகிறது.

ஐந்து முழ அகல அறையில் சுழல் படிக்கட்டு எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று எண்ணிப் பாருங்கள். மச்சுக்கு ஏறுகிற மாதிரி ஓர் ஓட்டையும் ஒரு மர ஏணியும் அங்கே பொருந்தும். நான் ஓட்டையின் பக்கம். உறுதியாக அல்ல, வரைந்து பார்த்தவன் என்ற முறையில் என் சாய்வு அது.

அதே வசனத்தில் இன்னொரு முடிச்சு. வாசல் "நடு" அறைக்கு என்று எபிரெயப் பிரதி சொல்கிறது. வாசல் நடுத்தட்டுக்கு என்றால் கீழ்த்தட்டுக்கு எப்படிப் போவது? கிரேக்க மொழிபெயர்ப்பும் அராமேய மொழிபெயர்ப்பான தர்கூமும் "கீழ்" என்று படிக்கின்றன. எபிரெயத்தில் நடுவுக்கும் கீழுக்கும் இங்கே ஐந்தெழுத்துச் சொற்கள். அவற்றுள் இரண்டெழுத்துதான் வேறு. படியெடுத்தவரின் கண் பக்கத்துச் சொல்லில் விழுந்திருக்கலாம், அந்த வசனத்தில் "நடு" திரும்பத் திரும்ப வருகிறது. இந்த இடத்தில் கிரேக்கத்தை நம்பி வாசலைக் கீழே வையுங்கள் என்பேன்.

ஜனவரி 19

முழம் எவ்வளவு என்று பலர் கேட்டுவிட்டார்கள். எபிரெய அளவும் நம்முடையதைப் போல முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. அதனால்தான் நம் வேதாகமத்தில் முழம், சாண், விரற்கடை எல்லாம் எந்த நெருடலும் இல்லாமல் உட்காருகின்றன; ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் ஒரே முழம் அல்ல. 2 நாளாகமம் 3:3 "முற்காலத்து அளவு" என்று தனியாகக் குறிக்கிறது. எசேக்கியேல் 40:5-இல் அளவுகோலின் ஒவ்வொரு முழமும் கைமுழத்தைவிட நாலு விரற்கடை அதிகம். சீலோவாம் சுரங்கக் கல்வெட்டு 1880-இல் எருசலேமில் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தண்ணீர் 1200 முழம் ஓடிற்று என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். வகுத்தால் 44 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. 1200 என்பது முழு எண்ணாக்கிச் சொன்னதாக இருக்கலாம், ஆகவே மில்லிமீட்டர் வரை இழுக்காதீர்கள். அட்டை மாதிரிக்கு முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். 60, 20, 30 அப்படியே வந்துவிடும்.

ஜனவரி 20

"வாசஸ்தலத்துக்கும் அரண்மனைக்கும் போட்ட வாசனை மரம் நம் சந்தனம்தான், தமிழ்நாட்டிலிருந்து போனது" என்று ஒரு நண்பர் நீண்ட பதிவு போட்டிருக்கிறார். 1 இராஜாக்கள் 10:12-இல் உள்ள சொல் அல்முகீம். ஓப்பீரிலிருந்து கப்பலில் வந்த மரம். சந்தனம் என்பது ஓர் ஊகம். சிரியக் கரையோரத்துப் பழைய மொழியான உகரித்தின் களிமண் பலகைகளில் அல்முக் என்ற மரப்பெயர் இருக்கிறது. மெசொப்பொத்தாமியாவின் அக்காடிய மொழியில் எலம்மக்கு இருக்கிறது. 2 நாளாகமம் 2:8 இதே மரத்தை லீபனோனிலிருந்து அனுப்பும்படி கேட்கிறது. ஆகவே பெயர் அந்தப் பக்கத்துப் பெயர். அதே அதிகாரத்து மயில், எபிரெயத்தில் துக்கீம், நம் தோகையிலிருந்து வந்தது என்பது பழைய கருத்து. அதற்கு ஓரளவு வலு உண்டு, முடிந்த முடிவல்ல. நம் மொழியின் பெருமைக்கு ஊகத்தை முட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை ஐயா.

அந்த மரத்தால் ஆலயத்துக்கு என்ன செய்தான் என்பதுதான் கட்டடக்காரனுக்குக் கேள்வி. இராஜாக்களில் மிஸ்ஆத், தாங்குவது என்ற வேரில் பிறந்தது. நாளாகமத்தில் அதே இடத்தில் மெசில்லோத். மற்ற இடங்களில் அதற்குப் பாதை என்று பொருள். கைப்பிடியா, படியா, நடைபாதையா? நாளாகமம் எழுதியவருக்கே பழைய சொல் புரியாமல் தெரிந்த சொல்லை வைத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிப்ரவரி 2

ஜன்னலுக்குத் திரும்ப வேண்டும். பென்சில் கட்டத்தோடு விட்டது மனத்தில் கிடந்தது.

எருசலேமுக்குத் தென்மேற்கே ஏலா பள்ளத்தாக்கின்மேல் கிர்பெத் கெயாஃபா என்ற மேடு. யோசெஃப் கார்ஃபின்கெல் நடத்திய அகழ்வில் 2011-இல் அங்கே சுண்ணாம்புக்கல்லில் குடைந்த சிறு கோவில் மாதிரி ஒன்று கிடைத்தது. உயரம் சுமார் 35 சென்டிமீட்டர். அதன் வாசலில் சட்டத்துக்குள் சட்டம், அதற்குள் இன்னொரு சட்டம் என மூன்று அடுக்கு உள்வாங்குகின்றன. கூரைக்குக் கீழே உத்தர முனைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கின்றன.

கார்ஃபின்கெலும் அவரோடு எழுதிய மெடலின் மும்ஜுவோக்லுவும் இதை வைத்து ஒரு வாதம் வைத்தார்கள்: ஷெகுஃபீம் என்றால் இப்படி அடுக்காக உள்வாங்கும் சட்டங்கள், 7-ஆம் அதிகாரத்துத் தூண்களின்மேல் உள்ள ட்ஸெலாஓத் என்றால் மூன்றாகச் சேர்ந்த பலகை முனைகள். 7:4-5-இல் ஷெகுஃபீமோடு "மூன்று" ஒட்டிக்கொண்டே வருவதும், 6:31-இல் உள்ள "ஐந்து" என்ற சொல்லை ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ளாமல் ஐந்தடுக்கு நிலை என்று கொள்ள இடமிருப்பதும் இதற்குச் சாதகம். ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த மர ஆசாரி ஒருவரிடம் அந்தக் கல்லின் படத்தைக் காட்டினேன். வேதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலை வெளிச்சட்டத்தின் ஓரத்தில் வைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார், ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நிறுத்தி. "சுவர் கனமான இடத்தில் நிலையை இப்படி அடுக்கினால் வாசல் பெரிதாகத் தெரியும், திறப்பு சிறிதாக இருக்கும்" என்றார். அதைக் கேட்டதும் "அடைபட்ட" என்ற சொல் எனக்கு உறுத்தாமல் போயிற்று. வெளியிலிருந்து அகலமான சட்டம், நடுவில் சிறு திறப்பு. நிம்ரூத், சமாரியா முதலிய இடங்களில் கிடைத்த தந்தச் சிற்பங்களில் ஜன்னலில் ஒரு பெண் முகம் தெரியும்; அந்த ஜன்னல்களுக்கும் இதே அடுக்குச் சட்டம்தான்.

இப்போது யோசித்தால், உள்ளே குறுகி வெளியே அகன்றது என்று தல்மூத் சொன்னதும், சட்டம் என்று மற்றவர் சொன்னதும் ஒரே பொருளின் இரண்டு நினைவுகளாக இருக்கக்கூடும். ஜன்னலை மூன்றடுக்குச் சட்டமாக ஒட்டுங்கள். பின்பக்கத்தில் "ஒரு கருத்து" என்று பிள்ளைகள் கையாலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

ஆலயத்து வெண்கலக் கடல்தொட்டியின் அளவுகளில் வட்டக் கணக்கு (பை, 3.1415...) பொருந்தவில்லையே என்ற கேள்விக்குச் சுருக்கமாக. விட்டம் பத்து முழம், சுற்றளவு முப்பது. 1 இராஜாக்கள் 7:23. நூல் என்ற சொல் அங்கே எழுத்தில் ஒரு விதமாகவும் வாசிப்பில் ஒரு விதமாகவும் இருக்கிறது; எபிரெயத்தில் எழுத்துக்கு எண்மதிப்பும் உண்டு, இவற்றுக்கு 111, 106. மூன்றை 111 ஆல் பெருக்கி 106 ஆல் வகுத்தால் 3.1415 வருகிறது என்று பரவும் செய்தி கணக்காகச் சரி. வேதத்தில் ஒளித்துவைத்த இரகசியம் என்பதை நான் ஏற்கவில்லை. 26-ஆம் வசனம் தொட்டியின் கனம் நாலு விரற்கடை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. முழத்துக்கு அந்தக் கைப்பிடி அளவு ஆறு என்று கொண்டு இரு பக்கக் கனத்தையும் கழித்தால் உள்விட்டம் ஒன்பதே முக்கால் முழத்துக்குச் சற்றுக் குறைவு. உள்சுற்றளவு முப்பதும் கொஞ்சமும். கண் முன்னால் இருக்கும் வசனத்தைப் படித்தாலே போதும்.

பிப்ரவரி 11

மண்டபத்தின் உயரத்தை 120 முழமாக வைத்து ஒரு சபையில் மாதிரி செய்திருக்கிறார்களாம், கோபுரம் மாதிரி. 2 நாளாகமம் 3:4-இல் எபிரெயத்தில் 120 என்றே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீடு 30 முழ உயரம். அதன் முகப்பில் பத்து முழ ஆழமுள்ள மண்டபம் 120 முழம் எழும்புமா? சில கிரேக்கப் பிரதிகளிலும் சீரிய மொழிபெயர்ப்பிலும் 20 என்று இருக்கிறது. எபிரெயத்தில் "முழங்கள்" என்ற சொல்லும் "நூறு" என்ற சொல்லும் எழுத்தளவில் குழம்பக்கூடியவை. "முழங்கள் இருபது" என்பது "நூற்றிருபது" ஆகியிருக்கலாம் என்பது பலரும் சொல்லும் விளக்கம். நான் 20 வைப்பேன்.

ஆலய முகப்பில் நின்ற யாகீன், போவாஸ் என்ற இரண்டு வெண்கலத் தூண்களுக்கு இவ்வளவு எளிதான வழி இல்லை. இராஜாக்களிலும் எரேமியா 52-லும் உயரம் 18 முழம், நாளாகமத்தில் 35. இரண்டு தூணையும் கூட்டிச் சொன்னது என்று சமாளிப்பவர்கள் உண்டு. 36 வருகிறதே, 35 எங்கே? இதில் சமாதானம் செய்துவைக்க எனக்கு மனமில்லை. 18 வைத்துவிட்டு, இன்னொரு புத்தகம் 35 என்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வேதத்தில் ஒரு முடிச்சு அவிழாமல் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கலங்குவார்கள் என்று பெரியவர்கள்தாம் பயப்படுகிறார்கள்.

பிப்ரவரி 14

எபிரெயம் முழுவதும் படித்த பிறகுதான் இதெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். 22 எழுத்துகளையும் எண்களையும் முதலில் பிடியுங்கள். இந்த அதிகாரத்தில் பாதி எண்தான். பிறகு ஒரு நல்ல சொல்லகராதியை வைத்துக்கொண்டு, ஒரு கட்டடச் சொல் வேதத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பட்டியல் போடுங்கள். ட்ஸேலாவை அப்படித்தான் நான் படித்தேன்; இலக்கணம் மெதுவாகப் பின்னால் வந்தது. ஓரக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள்: ஐந்தாம் வசனத்தில் பக்கக் கட்டு என்ற சொல்லையே எழுதியிருப்பது ஒரு விதம், வாசிக்கச் சொல்வது ஒரு விதம். இராஜாக்களும் நாளாகமமும் எசேக்கியேலும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருக்கட்டும், ஆனால் ஒன்றிலிருந்து அளவெடுத்து மற்றொன்றில் ஒட்டாதீர்கள். எசேக்கியேல் 41-இல் அத்தீக் என்ற சொல்லில் முட்டிக்கொள்வீர்கள். அங்கே எல்லாருமே முட்டியிருக்கிறார்கள். நடைமாடம் என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி இடுங்கள், அடுத்த வசனத்துக்குப் போங்கள்.